பார்வதம் விடுதியில் கை நனைத்தவர்கள்

ஆவடியில் இன்று லாட்ஜுக்குப் பஞ்சமில்லை. ஒன்றில் லிஃப்ட் கூட வைத்திருக்கிறார்களாம். வைத்துக்கொள்ளட்டும். ஆனால் பருத்திப்பட்டு ஏரிக்குப் போகும் சாலையில், என் தட்டச்சுப் பள்ளிக்கு மேல்மாடியில் பார்வதம் அக்கா நடத்துகிற இடத்தை யாராவது "அந்தச் சின்ன லாட்ஜா?" என்று கேட்டுவிட்டால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும். "லாட்ஜ் இல்லை, விடுதி" என்று நான் ஆரம்பித்தால், கேட்டவர் வந்த பஸ்ஸை விட்டுவிட்டு அடுத்த பஸ்ஸில்தான் போகவேண்டியிருக்கும்.

அக்கா பூந்தமல்லியில் பிறந்தவள். அவள் அப்பா அங்கே டிரங்க் ரோட்டை ஒட்டியிருந்த ஒரு சத்திரத்தைக் கவனித்துக்கொண்டவர். புரட்டாசியில் திருப்பதிக்கு நடந்து போகிறவர்கள், காஞ்சிபுரத்துக்கு வண்டி கட்டிப் போகிறவர்கள், பட்டணத்துப் பெரியாஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் எல்லோரும் அங்கேதான் இறங்குவார்கள். கிணறு உண்டு, அடுப்பு உண்டு, விறகு உண்டு. படுக்கிற இடத்துக்குக் காசு கிடையாது. வந்தவருக்கு முதலில் கால் கழுவத் தண்ணீர், பிறகு சோறு. எங்கே போகிறீர்கள், எதற்குப் போகிறீர்கள் என்று கேட்கவே கூடாது. அவர்களாகச் சொன்னால் காது கொடுக்கலாம். இந்தச் சட்டத்தில்தான் அக்கா வளர்ந்தாள்.

பிறகு பட்டிதொட்டி எல்லாம் பஸ் வந்தது. காலையில் போன ஜனம் சாயந்திரம் வீடு திரும்பியது. சத்திரம் கல்யாண மண்டபமாயிற்று, அதுவும் ஓடாமல் உர மூட்டை அடுக்குகிற கிடங்காயிற்று. அதற்காக அக்கா மூக்கைச் சிந்தி நான் பார்த்ததில்லை. "பஸ்ஸு வந்துச்சி, ஜனம் அவங்கவங்க ஊட்ல போய்ப் படுத்துக்கிச்சி. நல்லதுதானே" என்பாள்.

அவள் கட்டிக்கொண்டது கலியமூர்த்தி சாரை. சார் மாயவரத்துக்காரர், ஆவடி டாங்க் தொழிற்சாலையில் வேலை, சத்தம் போட்டுத் தும்மக்கூட யோசிக்கிற மனிதர். இருவரும் குவார்ட்டர்ஸில் பல வருஷம் இருந்தார்கள். ஆவடி குவார்ட்டர்ஸைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஒரு வரிசையில் திருநெல்வேலி, எதிர் வரிசையில் தஞ்சாவூர், மூலை வீட்டில் தர்மபுரி. எல்லோருக்கும் பெண்கள் வளர்ந்தார்கள். மாப்பிள்ளை மட்டும் சொந்த ஊர்ப் பக்கத்திலிருந்துதான் வரவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார்கள். ராத்திரி முழுக்க ரயிலில் வந்து இறங்குகிற மாப்பிள்ளை வீட்டார் எங்கே குளிப்பார்கள், எங்கே சாப்பிடுவார்கள்? பெண் வீட்டில் முடியாது. சம்பந்தம் முடிவாகாத வீட்டில் கை நனைக்கக் கூடாதே! சொஜ்ஜி, பஜ்ஜி, காபி வரைக்கும் பாதகமில்லை. சோற்றில் கை வைத்துவிட்டால் அது சம்மதம் சொன்ன மாதிரி.

எண்பத்தாறில் ஒரு நாள் அக்காவும் நானும் ஆவடி ஸ்டேஷனில் நின்றுகொண்டிருந்தோம். பிளாட்பாரக் குழாய்க்கு மேலே ஒரு கைக்கண்ணாடியைச் செருகி வைத்து, முகமெல்லாம் சோப்பு நுரையோடு ஒரு மாப்பிள்ளை சவரம் செய்துகொண்டிருந்தார். கொஞ்சம் தள்ளி இரண்டு பெண்கள் போர்வையைத் திரையாகப் பிடித்துக்கொண்டிருக்க, உள்ளே அவர் அம்மா பட்டுப்புடவைக்கு மாறிக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்து எலெக்ட்ரிக் ட்ரெயின் ஒன்று தடதடவென்று வந்து நின்றது. போர்வை பறந்தது. நான் சிரித்துவிட்டேன். அக்கா சிரிக்கவில்லை. அவள் கண் பளபளவென்று மின்னியது.

"ஹில்டா, இன்னாத்துக்கு இளிக்கிற? இவங்களுக்கு ஓர் எடம் வேணும்டீ. எங்கப்பா செஞ்ச வேலை இன்னும் முடியல. வேற ஊர்ல வந்து நிக்கிது, அவ்ளோதான்!"

அந்த வருஷம்தான் சார் கடன் வாங்கிச் சொந்த வீடு கட்டியிருந்தார். கீழே முன்பகுதி என் தட்டச்சுப் பள்ளிக்கு வாடகை, பின்பகுதியில் அவர்கள் குடித்தனம். மேல்மாடியை ஒரு பாங்க் குடும்பத்துக்கு விடுவதாக இருந்தது. அக்கா பாங்க் குடும்பத்தைத் திருப்பி அனுப்பிவிட்டு ஆறு அறையாகத் தடுத்தாள். அறைக்கு ஓர் ஆளுயரக் கண்ணாடி, ஓர் இஸ்திரிப் பெட்டி, விடிகாலையில் வெந்நீர். குடிப்பவர்களுக்கு இடமில்லை. சாப்பாடு அக்கா கைச் சமையல். வாசலில் பச்சை எழுத்தில் போர்டு தொங்கியது: பார்வதம் விடுதி, குடும்பத்துடன் தங்கலாம்.

பிய்த்துக்கொண்டு போயிற்று! முகூர்த்த மாதங்களில் ஆறு அறையும் நிரம்பி, என் பள்ளியில் டைப்ரைட்டர்களை ஓரம் கட்டிவிட்டுப் பாய் விரித்திருக்கிறோம். மாப்பிள்ளை வீட்டார் பயமில்லாமல் கை நனைக்க ஆவடியில் கிடைத்த ஒரே சோறு அக்காவுடையது. "நம்ம சோறு யார் ஊட்டுச் சோறும் இல்ல. அதான் எல்லாரும் துன்றாங்க" என்று சிரிப்பாள். அங்கே தங்கிப் போனவர்களின் கல்யாணப் பத்திரிகைகள் மஞ்சள் தடவி வந்துகொண்டே இருந்தன.

ஆனால் ஊர் வாய்க்கு அது லாட்ஜ். லாட்ஜ் என்றால் போலீஸ் வருகிற இடம், சீட்டு ஆடுகிற இடம். சத்திரம் வைத்தவனுக்குப் புண்ணியம், லாட்ஜ் வைத்தவளுக்கு ஏச்சு. இது என்ன நியாயமோ! தொழிற்சாலையில் சாரை விடவில்லை. "இன்னா மாமே, ஊட்லயே லாட்ஜ் வச்சிகினியாமே? நமக்கு ஒரு ரூம் போடேன்" என்று கேட்பார்களாம். சார் சாப்பாட்டு டப்பாவோடு தலையைக் குனிந்துகொண்டு வருவார். எனக்கோ அந்த ஆட்களைத் தேடிப்போய் நாலு வார்த்தை கேட்கவேண்டும் போல இருக்கும்.

கிண்டலைப் பொறுத்துக்கொள்ளலாம். அவர்கள் ஒரே மகள் லோகநாயகிக்கு வந்த இரண்டு வரன்கள் அந்த ஒரு வார்த்தையில் தட்டிப் போயின. லோகா என்னிடம் தட்டச்சு படித்து, அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். தங்கமான பெண். "பொண்ணோட அம்மா லாட்ஜ் நடத்துறாளாமே" என்று சொல்லி ஒருவர் வாசலோடு திரும்பினார். இன்னொருவர் கடிதம்கூடப் போடவில்லை.

மூன்றாவதாகச் சாருக்குச் சொந்த ஊர்ப் பக்கத்திலிருந்து ஒரு வரன் வந்தது. பையன் ரகுநாதன், அரக்கோணத்தில் வேலை. அவன் போட்டோவை லோகா சுருக்கெழுத்துப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டு என்னிடம் எத்தனை தடவை காட்டியிருப்பாள் என்று எனக்கே தெரியாது. சார் இந்த முறை உஷாராகிவிட்டார். விடுதியைப் பற்றி மூச்சு விடக்கூடாது என்று தரகர் துலுக்கானத்திடம் சொல்லிவிட்டார். வீட்டில் பெயிண்ட் அடிக்கிறார்கள், அதனால் ஞாயிற்றுக்கிழமை பெண் பார்ப்பது குவார்ட்டர்ஸில் நண்பர் பரந்தாமன் வீட்டில் என்று ஏற்பாடு. அக்காவிடம் வாழ்க்கையிலேயே முதல் தடவையாகக் குரலை உயர்த்தினார்.

"இதுவும் தட்டிப்போச்சுன்னா விடுதியை மூடிடணும், பார்வதம். நம்ம பொண்ணு வாழ்க்கையைவிட இது பெரிசில்லை."

"சரிங்க, மூடிடறேன்" என்றாள் அக்கா. ஒரு பக்கம் லோகாவின் கல்யாணம், இன்னொரு பக்கம் அக்காவின் உயிர் மாதிரியான விடுதி. இரண்டும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் வந்து நின்றன.

அது தொண்ணூற்றிரண்டு, கார்த்திகை மாதம். சனிக்கிழமையே மழை ஊற்றத் தொடங்கியது. தெருவில் தண்ணீர் ஏறினால் ஆட்டோ வராது என்று சாரும் லோகாவும் காலையிலேயே பரந்தாமன் வீட்டுக்குப் போய்விட்டார்கள். ஞாயிறு காலை வேலையை முடித்துவிட்டு வருவதாக அக்கா சொல்லிவிட்டாள். விடுதியில் ஆள் இருந்தால் அவளால் நகர முடியாது.

மத்தியானம் சொட்டச் சொட்ட நனைந்துகொண்டு மூன்று பேர் வந்தார்கள். சிவப்புக் கல் மூக்குத்தி போட்ட, நிமிர்ந்த நடையுள்ள ஓர் அம்மாள், அவர் தம்பி, தம்பி மனைவி. தம்பி தன் பெயரைப் பக்தவத்சலம், விழுப்புரம் என்று எழுதினார். அக்கா வழக்கம்போல ஒன்றும் கேட்கவில்லை. தலை துவட்டத் துண்டு, வெந்நீர், இலை நிறையச் சோறு, மிளகு ரசம். மூக்குத்தி அம்மாளுக்கு ஈரத்தில் முட்டி பிடித்துக்கொண்டது. அக்கா நல்லெண்ணெயைச் சுடவைத்து எடுத்துக்கொண்டு போய்த் தன் கையாலேயே தேய்த்துவிட்டாள்.

"எங்க ஊரு வாத்தியார் வீட்டுல பொண்ணு பாக்க வந்தப்ப இங்கதான் தங்கினாங்களாம். அவங்க சொல்லித்தாம்மா வந்தோம்" என்றார் அந்த அம்மாள். "முடிவு பண்றதுக்கு முன்னாடி ஒருத்தர் வீட்டுல கை நனைக்க மாட்டேன். இங்கன்னா வம்பில்லை பாருங்க."

ராத்திரி பக்தவத்சலம் தயங்கித் தயங்கி, "இன்னொரு தடவை ரசம் கேக்கலாமுங்களா?" என்றார். அக்கா சிரித்துவிட்டு, "சத்திரத்துச் சோத்துக்குத் தாத்தையங்கார் அப்பணையா? யாரு உத்தரவும் வேணாம், கேளுங்க அண்ணாத்தே!" என்று அண்டாவையே தூக்கிக்கொண்டு வந்தாள். பக்தவத்சலம் மூன்று தடவை வாங்கிக்கொண்டார். மூவரும் கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு நிம்மதியாகத் தூங்கினார்கள்.

ஞாயிறு காலை பூசை முடிந்து மாதா கோயிலிலிருந்து குடையைப் பிடித்துக்கொண்டு வந்தேன். என் பள்ளி வாசலில் ஓர் இளைஞன் மேலும் கீழும் பார்த்துக்கொண்டு நின்றான்.

"ஏங்க, பார்வதம் விடுதின்னு இங்கதானே சொன்னாங்க? ரெண்டு தடவை நடந்துட்டேன். போர்டையே காணோமே!"

நான் நிமிர்ந்து பார்த்தேன். பச்சை எழுத்துப் போர்டைக் காணவில்லை! சுவரில் வெளுப்பாக ஒரு கட்டமும் இரண்டு ஆணியும்தான் இருந்தன. ஸ்டேஷனிலிருந்து வரும் மாப்பிள்ளை வீட்டார் வழியில் பார்த்துவிடக் கூடாது என்று சார் விடிவதற்குள் பரந்தாமன் வீட்டிலிருந்து வந்து ஏணி போட்டுக் கழற்றி, என் டைப்ரைட்டர் மேஜைக்கு அடியில் சாக்குப் போட்டு மூடிவிட்டுப் போயிருந்தார். அது பிறகு தெரிந்தது. அப்போது எனக்கு அதைப் பற்றி யோசிக்க நேரமே இல்லை. அந்த முகத்தை எனக்குத் தெரியும்! சுருக்கெழுத்துப் புத்தகத்துக்குள் இருந்த முகம்!

"தம்பி, உங்க பேரு ரகுநாதனா?"

"ஆமாங்க. எங்க அம்மாவும் மாமாவும் மாமியும் நேத்தே வந்து இங்க தங்கியிருக்காங்க. உங்களுக்கு எப்படி…"

"உள்ள உக்காருங்க" என்று அவனை ஒரு டைப்ரைட்டருக்கு முன்னால் தள்ளிவிட்டு மாடிப்படியில் ஓடினேன். எனக்கு மூச்சு வாங்கியது, சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. அக்கா பொங்கல் பாத்திரமும் கரண்டியுமாகத் தாழ்வாரத்தில் வந்துகொண்டிருந்தாள்.

"அக்கா! உள்ள சாப்பிடறது யாரு தெரியுமா? மூக்குத்தி போட்ட அம்மா யாரு தெரியுமா? ரகுநாதனோட அம்மா! உன் சம்பந்தி!"

அக்கா அப்படியே நின்றுவிட்டாள். கரண்டியிலிருந்து நெய் சொட்டியது.

"ஐயோ, நேத்திலேருந்து நம்ம ஊட்ல கை நனைச்சிகினு கீறாங்களேடீ!"

"ஒண்ணும் குடிமுழுகிப் போகலை. நீ பரந்தாமன் சார் வீட்டுப் பக்கமே வராதே. அம்மாவுக்கு உடம்பு சரியில்லைன்னு சொல்லிடலாம். கல்யாணம் முடிஞ்சப்புறம் பாத்துக்கலாம்" என்றேன். எனக்கு அப்போது லோகாவின் முகம் மட்டும்தான் கண்ணில் நின்றது.

உள்ளேயிருந்து குரல் வந்தது. "ஏம்மா, இன்னும் ரெண்டு கரண்டி பொங்கல் கொண்டாங்களேன்!"

அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தாள். "கேட்டுட்டாங்க. போடாம இருக்க முடியாது. சொல்லாமலும் போட முடியாது" என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று உள்ளே போனாள். நான் பின்னாலேயே ஓடினேன்.

அந்த அம்மாள் இலையைப் பார்த்தபடி காத்திருந்தார். அக்கா இலைக்கு முன்னால் நின்றாள். கரண்டி கையிலேயே இருந்தது.

"அம்மா, போடறதுக்கு முன்னால ஒண்ணு சொல்லணும். நேத்து நான் போட்டது சத்திரத்துச் சோறு. நீங்க யாருன்னு எனக்குத் தெரியாது. இப்பத்தான் தெரிஞ்சிச்சி. இனிமே போட்டா அது பொண்ணு ஊட்டுச் சோறு. நீங்க பாக்க வந்த லோகநாயகி என் பொண்ணு."

பக்தவத்சலம் துள்ளி எழுந்து தன் அக்காவைப் பார்த்தார். "என்னது! லாட்ஜுக்காரங்க வீடா? அந்தத் தரகன் ஒரு வார்த்தை சொல்லலையே! அக்கா, எந்திரி. ஏமாத்திச் சோறு போட்டிருக்காங்க!"

அந்த அம்மாள் எழுந்திருக்கவில்லை. அவர் பெயர் ஞானம்மாள் என்று நான் லோகா சொல்லிக் கேட்டிருந்தேன். புருஷன் போனபின் ஒற்றை ஆளாகப் பிள்ளையை வளர்த்தவர், சொன்ன சொல்லை மாற்றாதவர். அவர் அக்காவையே பார்த்தார்.

"தரகர் சொல்லியிருந்தா நான் வந்திருப்பேனா?"

"வந்திருக்க மாட்டீங்க."

"மாட்டேன்தான்" என்றார் அந்த அம்மாள் பட்டென்று. "லாட்ஜுன்னு கேட்டதுமே வேணாம்னிருப்பேன். சரி, நேத்து என் முட்டிக்கு எண்ணெய் தேச்சியே, அப்ப நான் யாருன்னு தெரியுமா தெரியாதா? உள்ளதைச் சொல்லு."

"சாமி சத்தியமா தெரியாதும்மா. யாரு வந்தாலும் அதான் செய்வேன். எங்கப்பா அப்படித்தான் வளத்தாரு."

ஞானம்மாளின் கை இலையின் ஓரத்துக்குப் போனது. மடிக்கப் போகிறார்! இலையைத் தன் பக்கமாக மடித்தால் உறவு வேண்டும் என்று அர்த்தம். எதிர்ப்பக்கமாக மடித்தால் எல்லாம் முடிந்தது. மூன்றாவது வரனும் போயிற்று, விடுதியும் போயிற்று. வேளாங்கண்ணி மாதாவே, இந்த அம்மாள் கையை இந்தப் பக்கம் திருப்பு என்று மனதுக்குள் கத்தினேன்.

அவர் இலையை மடிக்கவே இல்லை. சுருண்டிருந்த ஓரத்தை நீவிவிட்டு, இலையை அக்காவின் பக்கமாக ஓர் அங்குலம் நகர்த்தினார்.

"போடுங்க" என்றார்.

அக்கா அவசரமாகக் கரண்டியைக் கவிழ்த்தாள். பொங்கல் பாதி இலையிலும் பாதி தரையிலும் விழுந்தது.

"அக்கா, பொண்ணையே இன்னும் பாக்கலையே!" என்று பக்தவத்சலம் தலையில் அடித்துக்கொண்டார்.

"தாயைத் தண்ணித் துறையில பாத்தா மகளை வீட்டுல போய்ப் பாக்கவேண்டாம்பாங்க. நான் ஒரு நாள் பூராப் பாத்தாச்சு. பையனுக்கும் பொண்ணுக்கும் பிடிக்கணும், அது அவங்க பாடு. நீ உக்காந்து சாப்பிடு. நேத்து மூணு தடவை ரசம் வாங்கினப்ப உனக்கு லாட்ஜு தெரியலையா?"

அவர் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பக்தவத்சலம் உட்கார்ந்தார். இரண்டு கரண்டி பொங்கலும் வாங்கிக்கொண்டார்.

சாரையும் லோகாவையும் அழைத்துவர ஆட்டோ பறந்தது. பரந்தாமன் வீட்டில் சொஜ்ஜி ஆறிக் கிடக்க, சாரும் லோகாவும் என்ன ஏது என்று புரியாமல் வந்து இறங்கினார்கள். மழைக்கு ஒதுங்க லோகா என் பள்ளிக்குள் ஓடினாள். உள்ளே ரகுநாதன் பொழுது போகாமல் டைப்ரைட்டரைத் தட்டிக்கொண்டிருந்தான். போட்டோவில் பார்த்த முகத்தை நேரில் பார்த்ததும் அவள் வாயில் வந்தது இதுதான்:

"அந்த மெஷின்ல ஸ்பேஸ் பார் சிக்கும். பக்கத்து மெஷின்ல அடிங்க."

அவன் எழுந்து நின்றான். இருவரும் சிரித்தார்கள். கொஞ்ச நேரம் கழித்து நான் லோகாவை ஓரமாகக் கூப்பிட்டுக் கேட்டேன். என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். மாடியில் ரகுநாதன் தன் அம்மாவிடம், "எனக்குச் சம்மதம்மா" என்று சொல்லியாயிற்று.

ஞானம்மாள் படி இறங்கி வாசலுக்கு வந்தார். சார் கைகூப்பிக்கொண்டு நின்றார். உண்மையை மறைத்ததற்கு மன்னிப்புக் கேட்க வாயெடுத்தார்.

அந்த அம்மாள் சுவரில் இருந்த இரண்டு ஆணியையும் நிமிர்ந்து பார்த்தார்.

"இங்க இருந்த போர்டு எங்கங்க? என் பிள்ளை மழையில இந்தத் தெருவை ரெண்டு சுத்துச் சுத்தினானாம். கல்யாணத்துக்கு எங்க ஊரே திரண்டு வரும். வந்தா எங்கன்னு தேடுவாங்க?"

சார் என் மேஜைக்கு அடியிலிருந்து சாக்கை உருவிப் போர்டை எடுத்தார். பட்டுக்கரை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கொட்டுகிற மழையில் தாமே ஏணியில் ஏறினார். அக்கா ஏணியைப் பிடித்துக்கொண்டாள். ஞானம்மாள் என் குடையை வாங்கிக்கொண்டு தெருவின் நடுவில் போய் நின்று தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

"வலப்பக்கம் இறங்கியிருக்கு. இன்னும் கொஞ்சம் தூக்குங்க, சம்பந்தி."

சார் ஆணியை விட்டுவிட்டுச் சுத்தியலால் தன் கட்டைவிரலில் ஓங்கி ஒரு போடு போட்டுக்கொண்டார். வலிக்கவே இல்லையாம்.